பதினேழு அங்குல மானிட்டரும் மைதிலியின் படமும்

போட்டோ வேலைக்கு எந்த மானிட்டர் வாங்கலாம் என்று நீங்கள் ஆளுக்கொரு தடவை என்னைக் கேட்டாகிவிட்டது. ஓய்வு பெற்றவனிடம் கேட்டால் யோசனை இலவசமாகக் கிடைக்கும் என்ற கணக்கு. கிடைக்கும்தான், ஆனால் ஒரு வரியில் கிடைக்காது. என் வாழ்க்கையில் நானாகப் போய்த் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு மானிட்டர். அது ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தியது. பழியை மானிட்டர் மேல் போடுவது சுலபம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் எங்கள் ஸ்டூடியோ இருந்தது. அதுவரை பிலிமும் இருட்டறையுமாகக் காலம் தள்ளிய முதலாளி, ஊரெல்லாம் கம்ப்யூட்டர் என்றதும் தானும் ஒன்று போட்டார். ஸ்கேனரும் பிரிண்டரும் அவரே வாங்கினார். மானிட்டரை மட்டும் என் தலையில் கட்டினார்.

"நீதானேப்பா அதும் முன்னாடி குந்தப் போற? நீயே பாத்து எடுத்துக்கினு வா."

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ரிச்சி தெருவில் ஒரு கடையில் இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்று புதுசு, பதினேழு அங்குலம். அதில் ஒரு செம்பருத்திப் பூ படம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று மூடிப்போன அச்சகம் ஒன்றிலிருந்து வந்த பழைய பதினைந்து அங்குலம். அதே பூதான் அதிலும். ஆனால் சாயங்காலம் வரை வெயிலில் கிடந்த மாதிரி வாடித் தெரிந்தது.

"இன்னா சார் யோசிக்கிற? கலரைப் பாரு, கண்ணைப் பறிக்குது" என்றார் கடைக்காரர்.

பின்னால் உட்கார்ந்து ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே பேசினார். "சார், நீ போட்டோ வேலைன்ற. அந்தப் பழசை எடுத்துக்கினு போ. பாக்க டல்லாத்தான் கீது. ஆனா அதுல இன்னா தெரியுதோ அதான் பேப்பர்ல வரும்."

பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். புதுசை ஆட்டோவில் ஏற்றி, குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதுபோல் அணைத்தபடி பாண்டி பஜார் வழியாக வந்தேன். முதலாளி போட்டுப் பார்த்துவிட்டு, "அட, சினிமா கொட்டாய் மாரி கீதேப்பா!" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பளபளப்பை நான் விரும்பியதற்கு ஒரு தொழில் காரணமும் இருந்தது. எங்களிடம் வந்தவை பெரும்பாலும் வரனுக்குக் கொடுக்கும் படங்கள். ஜாதகத்தோடு போகிற படம். பெண்ணையோ பெண்ணின் அம்மாவையோ எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, திரையில் காட்டி, "சரியா?" என்று கேட்போம். அவர்கள் திரையைப் பார்த்துச் சரி என்பார்கள். பிறகு பிரிண்ட். "இன்னும் சித்த கலர் குடுங்கோ", "அந்தப் பரு வேண்டாமே", "மூக்கைக் கொஞ்சம்..." இப்படியே பொழுது போகும். மாநிறத்தைச் சிவப்பாக்குவதுதான் என் பிழைப்பு. திரை எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் சரி சொல்வார்கள். தாள் கொஞ்சம் மங்கி வந்தால் யாரும் திரும்பி வந்து சண்டை போட்டதில்லை.

ஒரே ஒரு முறை கீழ்க்கடையிலிருந்து ஆள் வந்தார். அவர்களுடைய பட்டுப்புடவை விளம்பர அட்டையில், திரையில் தனித்தனியாகத் தெரிந்த அரக்கும் கத்தரிப்பூவும் தாளில் அக்கா தங்கை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. நான் பிரிண்டர் மேல் பழி போட்டேன். அடுத்து மையை மாற்றச் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அந்தப் புடவை எனக்குச் சொன்னதை நான் காதில் வாங்கியிருந்தால் மேற்கொண்டு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

மைதிலி அப்பாவோடு வந்தது ஒரு சனிக்கிழமை காலை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் வீடு. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அப்பா பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா இல்லை. அவள் இடது காதுக்குக் கீழே, தாடையோரமாக, எட்டணா அளவுக்கு ஒரு வெண்புள்ளி. மாநிறத் தோலில் அது தெளிவாகத் தெரிந்தது. எங்கள் போட்டோகிராபர் முந்தின வாரம் எடுத்த படத்தில் ஃப்ளாஷ் வெளிச்சம் அந்தப் பக்கம் முழுவதையும் வெளுக்கடித்து, புள்ளி இருந்த இடமே தெரியாமல் செய்திருந்தது.

வழக்கம்போல நான், "கவலைப்படாதீங்க சார், கழுத்தையும் கொஞ்சம் சரி பண்ணிடறேன்" என்றேன்.

"அதில்லை சார்," என்றாள் மைதிலி. "இது நன்னாத் தெரியணும். அதுக்குத்தான் வந்திருக்கோம்."

எனக்குப் புரியவில்லை. அவள் அப்பா விளக்கினார். "வாயால சொல்லித்தான் அனுப்பிச்சோம், போன தடவை. தரகர் அதை அங்கே சொல்லலை. அவா ஆத்துக்கு வந்தப்புறம் ஒரு மாமி இவ மோவாயைப் பிடிச்சு வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பாத்தா. நான் உக்காந்துண்டு அதைப் பாத்துண்டிருந்தேன்."

"இனிமே படத்தைப் பாத்து இதையும் பாத்து, வேணும்னு நினைக்கறவா மட்டும் வந்தாப் போறும்," என்றாள் அவள். "உங்க கம்ப்யூட்டர்ல எதையோ அழிக்கறேளே, அதே மாதிரி இருக்கறதை இருக்கற மாதிரி காட்டவும் முடியும்தானே?"

எனக்கு முதன்முறையாக என் வேலை மேல் ஒரு மரியாதை வந்தது. முழு மனசோடு உட்கார்ந்தேன். வெளுத்த பகுதியை மெல்ல மெல்ல இறக்கி, தோலின் நிறத்தைக் கொண்டுவந்து, புள்ளியைப் புள்ளியாகவே நிறுத்தினேன். அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துத் தன் தாடையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் தெரியலாம்" என்றாள். கொஞ்சம் கூட்டினேன். "ம். இப்ப நான்தான்" என்று சிரித்தாள். மூன்று பிரதி சொல்லிவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை பிரிண்ட் எடுத்தேன். இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த மானிட்டர் எதையும் தூக்கித்தான் காட்டும். வெள்ளையை இன்னும் வெள்ளையாக, கறுப்பை இன்னும் கறுப்பாக. திரையில் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிற வித்தியாசம் தாளில் ஒரு படிக்கட்டு அளவுகூட இருக்காது. திரையைப் பார்த்து அளவாக வைத்த புள்ளி, தாளில் தோலோடு கரைந்துபோயிருந்தது. தாடையோரம் ஏதோ விளக்கு வெளிச்சம் பட்ட மாதிரி ஒரு சாயல், அவ்வளவுதான்.

நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இத்தனை வருஷம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் சொல்லப் போவதில்லை. பார்த்தேன். மறுபடி எடுக்க வேண்டுமே என்ற அலுப்பு ஒரு பக்கம். அதைவிடப் பெரிசாக இன்னொன்று. முகம் மழமழவென்று அழகாக இருந்தது. 'போகட்டும், பெண்ணுக்கு நல்லதுதானே' என்று தோன்றியது. தினம் தினம் மற்றவர்கள் முகத்தைத் துடைத்துத் துடைத்து, எது நல்லது என்று முடிவு செய்யும் அதிகாரம் எனக்கு இருப்பதாக நானே நினைத்துக்கொண்டேன்.

படத்தை வாங்க அப்பா மட்டும் வந்தார். கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தை மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் அவ சொன்ன மாதிரி வந்திருக்கோல்லியோ?" என்று கேட்டார்.

"வந்திருக்கு சார்" என்றேன்.

மூன்றையும் அங்கேயே ஜாதக நகலோடு உறைகளில் போட்டு ஒட்டினார். வீட்டுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். "எங்களுக்கு எதுக்கு? அவளே ஆத்துல இருக்காளே" என்று சொல்லிவிட்டு, தபால் பெட்டி எங்கே என்று விசாரித்துக்கொண்டு படி இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நங்கநல்லூரில் ஒரு குடும்பத்துக்குப் படம் பிடித்திருந்ததால் பெண் பார்க்க வந்தார்கள். சாயங்கால நேரம், மினுக்கி மினுக்கி எரியும் குழல்விளக்கு, காதில் ஜிமிக்கி. அவர்கள் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. படத்திலேயே பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று வந்த பெரிய மனசுக்காரர்கள் என்று அப்பாவும் பெண்ணும் நினைத்தார்கள். அன்றைக்கு மைதிலி எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாள் என்பதை நினைக்காமல் இருக்க நான் இன்றுவரை முயற்சி செய்கிறேன்.

நிச்சயதார்த்தம் காலையில், ஒரு சின்ன மண்டபத்தில். ஜன்னல் வழியாக நல்ல வெயில். சந்தனம் பூச வந்த பிள்ளையின் அத்தை அதைப் பார்த்துவிட்டாள். சலசலப்பு எழுந்ததும் மைதிலியின் அப்பா பதறவே இல்லை. "அதான் படத்துலயே தெளிவா இருக்கே, பாக்கலையா நீங்க? எடுத்துண்டு வாங்கோ" என்றாராம். கார் வரை போய்ப் படத்தைக் கொண்டுவந்தார்கள். சபை நடுவில், அவர் கேட்டுக் கொண்டுவந்த அந்தப் படத்தில், புள்ளி இல்லை.

மத்தியானம் எங்கள் மாடிப்படியில் ஏறி வந்தவர்கள் இரண்டு பேர். பிள்ளையின் மாமா முன்னால். சட்டையில் சந்தனம் காயாத மைதிலியின் அப்பா பின்னால்.

மாமா படத்தை என் மேஜையில் போட்டார். "இதை அழிக்கச் சொன்னது யாரு? அதை மட்டும் சொல்லுங்கோ. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கப் பாத்திருக்கா."

"சார், நீங்களே சொல்லுங்கோ," என்றார் மைதிலியின் அப்பா. அவர் குரலில் கோபம்கூட இல்லை, தைரியம்தான் இருந்தது. சாட்சி கைவசம் இருக்கிறவருடைய தைரியம். "நாங்க என்ன சொன்னோம்? தெரியணும்னுதானே சொன்னோம்?"

மானிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. மைதிலியின் படம் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. இரண்டு தட்டு தட்டினால் திரையில் வந்திருக்கும், புள்ளி பளிச்சென்று. 'இவர்கள் சொன்னது இது, தாளில் கோட்டைவிட்டது நான்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது.

அதற்குள் முதலாளி உள்ளேயிருந்து வந்துவிட்டார். வரனுக்குப் படம் எடுக்கும் ஸ்டூடியோ, பெண்ணின் முகத்தைத் தப்பாகக் கொடுத்தது என்று பெயர் வந்தால் கடையை மூட வேண்டியதுதான். அவர் என் தோளில் கை வைத்து அழுத்தியபடி மாமாவிடம் பேசினார்.

"சார், நாங்க கூலிக்காரங்க. கஸ்டமர் இன்னா சொல்றாங்களோ அத்தத்தான் செய்வோம். நாங்களா எதையும் கூட்டவும் மாட்டோம், கொறைக்கவும் மாட்டோம்."

பொதுவாகப் பார்த்தால் பொய் இல்லாத பேச்சு. ஆனால் மாமாவுக்குத் தேவையான பதில் அதில் இருந்தது. "கேட்டுக்கோங்கோ" என்றார். மைதிலியின் அப்பா என் முகத்தையே பார்த்தார். வாயில் கொழுக்கட்டையா என்று கேட்பார்களே, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடும் என்ற பயம். நான் தேர்ந்தெடுத்த மானிட்டர் தப்பு என்று தெரிந்துவிடும் என்ற வெட்கம். இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"சார், ஒரு வார்த்தை," என்றார் அவர் மறுபடி. நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா போய்விட்டார். இவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பிறகு, ஏதோ பிடிபட்ட மாதிரி மெதுவாகத் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினார். என்ன பிடிபட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலையை உதறிவிட்டுப் போனேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த நாளும் போனேன். அந்தத் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குமேல் இறக்கி, பிரிண்டை ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் வைத்து, மறுபடி திரை, மறுபடி ஜன்னல் என்று இரண்டும் ஒன்று சொல்லும்வரை திருகினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. செய்து முடித்தபோது திரை அசல் அந்தப் பழைய அச்சக மானிட்டர் மாதிரியே மங்கலாக இருந்தது. முதலாளி, "இன்னாப்பா, டியூப் போயிடுச்சா?" என்றார். பிறகு மைதிலியின் படத்தை எடுத்தேன். இந்த முறை புள்ளி தாளில், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. அதை உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் மூன்று வாரம் வைத்திருந்தேன். தைரியம் வர அவ்வளவு நாளாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருந்த கே.கே. நகரிலிருந்து பஸ் பிடித்து மயிலாப்பூருக்குப் போனேன். மைதிலிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டாள். அப்பா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டியிருந்தது. ஆபரேஷன் ஆகியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். மானிட்டர், தாள், நான் பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டது, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது, எல்லாம். புதுப் படத்தை அவர் கையில் கொடுத்தேன். நங்கநல்லூருக்கும் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

"அங்கே வேண்டாம். அந்தப் பையனுக்குப் போன வாரம் வேற இடத்துல நிச்சயமாயிடுத்து," என்றார். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார்.

"நீங்க நல்ல மனுஷர். அவளுக்காக ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இவ்வளவு தூரம் வந்திருக்கேள்."

எனக்கு விளங்கவில்லை.

"நான் அழிக்கச் சொல்லலை, அது எனக்குத் தெரியும். கஸ்டமர் சொன்னதைத்தான் செஞ்சோம்னு உங்க முதலாளி சொன்னார். நீங்களும் மறுக்கலை. அப்படின்னா மிச்சம் யாரு? எனக்குத் தெரியாம இவ தனியா வந்து சொல்லியிருக்கா. பாவம், எத்தனை தடவைதான் நிப்பா ஒருத்தர் முன்னாடி? எனக்கு இவமேல கோபமில்லை. ஒத்துக்கோடின்னுதான் கேக்கறேன். ஒத்துக்க மாட்டேங்கறா."

"இல்லை சார், அவங்க வரவே இல்லை! இதோ படமே இருக்கு..."

"இதை இப்பவும் பண்ணலாமே? உங்க கம்ப்யூட்டர்ல எதை வேணும்னாலும் வைக்கலாம், எதை வேணும்னாலும் எடுக்கலாம். முப்பத்தஞ்சு வருஷம் பத்திரம் பாத்தவன் சார் நான். பின்னாடி வர்ற பத்திரத்தை நம்பறதில்லை." படத்தை என்னிடமே நீட்டினார்.

மைதிலி சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. இதை அவள் தினமும் கேட்கிறாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் மறுபடி மறுபடி சொல்லச் சொல்ல, அவர் மறுபடி மறுபடி பரிவோடு தலையாட்டினார். என் வாயிலிருந்து வந்த முதல் உண்மையை அவர் எனக்காகப் பெருமைப்பட்டு நிராகரித்தார்.

வாசல்வரை மைதிலி வந்தாள். படத்தை அவளிடம் கொடுக்கப் போனேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு உங்க கடையில அப்பா எத்தனை நேரம் நின்னுண்டிருந்தார் சார்?"

யோசித்துப் பார்த்தேன். "ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்மா."

"அஞ்சு நிமிஷம் இருந்திருக்கு உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.